த்ரில்லிங்கா, த்ரில்டா? கேள்வி பதில்

கேள்வி: சார், வேலை கிடைத்த கம்பெனிக்கு ‘ஐ ஆம் வெரி த்ரில்லிங் டு ஜாயின்’ என்று மெயில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம், பொறுங்கள்! அப்படி எழுதினால் ‘நான் பிறரைச் சிலிர்க்க வைக்கிற ஆள்’ என்று நீங்களே சொல்லிக்கொள்வதாகிவிடும். தன்னம்பிக்கை நல்லதுதான், அதற்காக இவ்வளவா? சிலிர்ப்பைத் தருவது த்ரில்லிங், சிலிர்ப்பவர் த்ரில்டு. மேட்ச் த்ரில்லிங், பார்த்த நாம் த்ரில்டு. எக்ஸைட்டிங், எக்ஸைட்டட்; போரிங், போர்டு எல்லாம் இதே கணக்குதான். ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்லி, தான் ஓர் அறுவை என்று தானே ஒப்புக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ‘ஐ ஆம் த்ரில்டு டு ஜாயின்’ போதும். ‘வெரி’யையும் எடுத்துவிடுங்கள், ‘மிகவும்’ என்பது த்ரில்டுக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் வேண்டுமானால் ‘அப்ஸல்யூட்லி’ போடலாம்.

கேள்வி: பேய்ப் படம் பார்த்துவிட்டு ‘செம த்ரில்லிங்’ என்கிறோமே, பயமும் அதில் சேர்த்தியா?

பதில்: ரசிக்கிற பயம் சேரும். ராட்சத ராட்டினம் த்ரில்லிங். பிரேக் பிடிக்காத பஸ் டெரிஃபையிங்.

கேள்வி: மறக்காத மாதிரி ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

பதில்: 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், லார்ட்ஸ். இங்கிலாந்தும் நியூசிலாந்தும் தலா 241. சூப்பர் ஓவரிலும் தலா 15. கடைசியில் பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். ‘அ த்ரில்லிங் ஃபினிஷ்’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். நியூசிலாந்துக்காரர் ‘ஹார்ட்பிரேக்கிங்’ என்பார், அதுவும் சரிதான்.

கேள்வி: ‘த்ரில்’ என்ற இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: ‘துளைத்தல்’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து. மூக்குத் துவாரத்தைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ இருக்கிறதே, அதன் கடைசிப் பகுதியும் அந்தத் துளையேதான். உடலைத் துளைத்தது பிறகு உணர்ச்சி துளைப்பதாக மாறியது.

கேள்வி: தலைவரின் பேச்சை ‘த்ரில்லிங் ஸ்பீச்’ எனலாமா?

பதில்: தப்பில்லை. ஆனால் கூட்டத்தை உசுப்பிவிட்ட பேச்சுக்கு ‘ரௌஸிங்’ இன்னும் கச்சிதம். கீழே வைக்க முடியாத நாவலுக்கு ‘கிரிப்பிங்’.

கேள்வி: என் ரிப்போர்ட்டைப் பார்த்த மேனேஜர் ‘ஐ ஆம் நாட் த்ரில்டு’ என்றார். சுமாராக இருக்கிறது என்கிறாரா?

பதில்: இல்லை தம்பி, கடுப்பில் இருக்கிறார். அவர்கள் அதை இப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். திருத்திக் கொடுத்துவிட்டு லீவு கேளுங்கள்.