வாசகர் கேள்வி பதில்: மே 25-க்கு எந்தக் கொடி?

கம்மனஹள்ளி வாசகி, பெங்களூரு: எங்கள் அபார்ட்மென்ட்டில் நைஜீரியா, கானா, காங்கோ மாணவர்கள் குடியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க தினத்துக்கு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கொடி தைத்து மாட்டச் சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. எது சரி? என்ன அளவு?

தைப்பதற்குச் சுலபமானது ஆப்பிரிக்க ஒற்றுமையின் மூவண்ணக் கொடி: மேலே சிவப்பு, நடுவில் கறுப்பு, கீழே பச்சை. 1920-இல் நியூயார்க்கில் மார்கஸ் கார்வியின் கறுப்பின மக்கள் முன்னேற்ற இயக்கம் ஏற்றுக்கொண்டது. சிவப்பு சிந்திய ரத்தம், கறுப்பு மக்கள், பச்சை மண். 60-க்கு 90 செ.மீ. கொடியில் பட்டை ஒவ்வொன்றும் 20 செ.மீ.; தையலுக்கு மேலும் கீழும் ஒன்றரை விட்டு 23 வெட்டச் சொல்லுங்கள். 44 அங்குல அகலத் துணியில் நிறத்துக்குக் கால் மீட்டர் போதும், கம்பு நுழைக்கும் மடிப்புக்கும் மிஞ்சும். தையல் பிசிறைக் கறுப்புப் பக்கமே மடிக்க வேண்டும். பச்சைப் பக்கம் மடித்தால் வெயிலில் கறுப்புக் கோடு நிழலாகத் தெரியும். பருத்தியானால் சிவப்பைத் தனியே அலசிக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள். மே மாத மாலை மழைக்குச் சாயம் இறங்கி, பச்சைதான் முதலில் கெடும்.

கறுப்பு மேலே போய்விட்டால் அது மலாவி, கென்யா கொடிகளின் வரிசை. அதைவிடப் பெரிய வம்பு, கூகுளில் கிடைத்த படத்தை டெய்லரிடம் கொடுப்பது. நடுவில் உதிக்கும் பாதிச் சூரியன் இருந்தால் அது பயாஃப்ரா கொடி. நைஜீரியாவிலிருந்து பிரிந்து 1967 முதல் 1970 வரை போரிட்ட பகுதியினுடையது. நைஜீரிய மாணவர்களிலேயே ஒருவருக்குப் பெருமை, அடுத்தவருக்கு ஆத்திரம்.

ஹென்னூர் வாசகர்: ஆப்பிரிக்க மாணவர்களுக்கு நாடு, மொழி எல்லாம் வேறு. ஆனாலும் ஒருவரை ஒருவர் ‘பிரதர்’ என்கிறார்களே, உறவா?

ரத்த உறவு இல்லை, உருவாக்கிக்கொண்ட உறவு. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1.25 கோடிப் பேர். பெயர், மொழி, குலம் மூன்றும் அறுந்தபின், எந்த ஊர் என்று தெரியாத பேரப்பிள்ளைகளுக்குக் கண்டம் முழுவதுமே சொந்த ஊரானது. அதனால்தான் இந்த ஒற்றுமைப் பேச்சைக் கரீபியக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்: 1900-இல் ஆப்பிரிக்க ஒற்றுமைக்காக லண்டன் மாநாட்டைக் கூட்டிய ஹென்றி சில்வெஸ்டர் வில்லியம்ஸ் டிரினிடாட்காரர், கார்வி ஜமைக்காக்காரர். 1945-இல் அதே நோக்கத்தில் கூடிய மான்செஸ்டர் மாநாட்டில், பின்னாளில் கானாவின் தலைவரான குவாமே என்க்ருமாவும் கென்யாவின் தலைவரான ஜோமோ கென்யாட்டாவும் இருந்தார்கள். 1957-இல் கானா விடுதலை. 1963 மே 25-இல் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை உருவாக்கும் சாசனத்தில் 32 நாடுகள் கையெழுத்திட்டன. அந்த நாள்தான் மேலே வாசகி கேட்டது.

உங்கள் பக்கத்து வீட்டு மாணவர் ஊரில் யொருபா, இபோ, அகான் என ஏதோ ஓர் இனத்தவராக இருந்தவர். வாடகைக்கு வீடு தேடும்போது நம் ஆட்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்திய பிறகுதான் ‘ஆப்பிரிக்கர்’ முன்னுக்கு வருகிறது. ‘ஆப்பிரிக்க மொழி தெரியுமா’ என்று கேட்காதீர்கள், அப்படி ஒரு மொழி இல்லை. எந்த நாடு, எந்த ஊர் என்று கேளுங்கள். ஜொலோஃப் என்ற தக்காளிச் சோறு கானாவினுடையது நல்லதா நைஜீரியாவினுடையதா என்று மட்டும் வாய் தவறியும் வேண்டாம்.

அல்சூர் வாசகர்: எல்லாப்பூர் சித்திகளையும் விழாவுக்கு அழைக்கலாமா?

நம் சின்னம்மா சித்தி அல்ல. உத்தர கன்னடத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வழியினர். கர்நாடகத்தில் 2003 முதல் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். பேசுவது கொங்கணியும் கன்னடமும். மாணவர்களோடு ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்று விட்டுவிடாமல், கன்னடம் தெரிந்த ஒருவரைக் கூடவே உட்காரவையுங்கள். ‘ஆடிக் காட்டுங்கள்’ என்று மட்டும் கூப்பிடுவது அவமதிப்பு. பழைய சேலைத் துண்டுகளை அடுக்கி, நான்கு மூலையிலும் பூப்போல முக்கோண மடிப்பு வைத்து அவர்கள் தைக்கும் கவுதி என்ற ஒட்டுப் போர்வைகளை விற்க ஒரு மேசை போடுங்கள். இரவுப் பேருந்துக் கட்டணத்தை வந்த பிறகு அல்ல, அழைக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.