வாசகர் கேள்வி – பதில்: தான் விளையாட்டு என்று அறிந்த விளையாட்டுகள்

கேள்வி: நாடகம் பற்றிய கட்டுரைகளில் ‘நான்காம் சுவர்’ என்று படித்திருக்கிறேன். இப்போது வீடியோ கேம்களுக்கும் அதையே சொல்கிறார்கள். மாரியோவைப் போல ஓடித் தாவும் விளையாட்டில் உடைப்பதற்கு என்ன சுவர் இருக்கிறது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: மேடையின் முன்விளிம்பில் ஒரு பெரிய சுவர் நிற்பதாக எண்ணிக்கொண்டு, எதிரே பார்வையாளரே இல்லை என்பதுபோல் நடிக்க வேண்டும் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதரோ 1758-இல் எழுதினார். அந்தக் கற்பனைச் சுவர்தான் நான்காம் சுவர். ஓடித் தாவும் விளையாட்டில், அதாவது பிளாட்ஃபார்மரில், அந்தச் சுவர் இன்னும் மெல்லியது. திரையில் உள்ளவர் தாவுவதே நம் கட்டைவிரல் பொத்தானை அழுத்துவதால்தான் என்றாலும், அந்த விரலை மறந்துவிடுவதாக நமக்கும் விளையாட்டுக்கும் இடையே ஓர் உடன்பாடு இருக்கிறது.

நீங்கள் குறிப்பிடும் மாரியோவே அந்த உடன்பாட்டை மீறியவர். 1988-இல் ஜப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’ திரைச்சீலை விலகுவதோடு தொடங்குகிறது. கட்டைகள் பின்னணியில் திருகாணியால் முடுக்கப்பட்டிருக்கின்றன, அவற்றின் நிழல் வானத்தின் மேலேயே விழுகிறது. அந்த விளையாட்டு முழுவதும் ஒரு மேடை நாடகம்தானா என்று கேட்கப்பட்டபோது, அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ 2015-இல் ஆம் என்று ஒப்புக்கொண்டார். எனக்கு இதைவிடவும் பெரிதாகத் தோன்றுவது அதிலுள்ள வெள்ளைக் கட்டைகளின் கமுக்கம்: ஒன்றின் மேல் ஏறிக் கீழ்நோக்கிய பொத்தானைச் சில நொடிகள் அழுத்தியபடியே இருந்தால், மாரியோ கட்டையினூடே இறங்கி, காட்சித் தட்டிகளுக்குப் பின்னால் ஓடத் தொடங்குவார். முதல் உலகின் மூன்றாம் கட்டத்தில் அப்படியே இறுதிவரை ஓடினால், உலகங்களைத் தாண்டிச் செல்ல உதவும் மந்திர ஊதல் கிடைக்கிறது.

கேள்வி: நான்காம் சுவரை உடைக்கும் விளையாட்டுகளில் ஒன்றே ஒன்றைப் பரிந்துரைக்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: ஜான் கூனி 2009-இல், இணைய உலாவியில் விளையாட்டுகளை ஓடவைத்த ஃபிளாஷ் நுட்பத்தில் உருவாக்கிய ‘திஸ் இஸ் தி ஒன்லி லெவல்’ என்பதைத் தயங்காமல் சொல்வேன். ஒரு சிறிய நீல யானை, ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு கதவு, சில முட்கள், வெளியேற ஒரு குழாய்: இந்த ஒரே அறைதான் முப்பது கட்டங்களுக்கும் திரும்பத் திரும்ப வருகிறது. மாறுவது விதி மட்டுமே. ஒரு கட்டத்தில் இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாறிவிடும். இன்னொன்றில் யானை நாம் கேளாமலே குதித்துக்கொண்டிருக்கும். ஓர் இடத்தில் யானை என்ன செய்தாலும் கதவு திறக்காது. முகப்புக்குத் திரும்பி, உருவாக்கியவரின் பெயர் உள்ள பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். மற்றோர் இடத்தில் உலாவியின் பக்கத்தையே புதுப்பிக்க வேண்டும். எந்தப் பாத்திரமும் நம்மைப் பார்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்றாலும், யானை நிற்கும் அறைக்கு வெளியே நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை விளையாட்டு அறிந்திருக்கிறது, அந்த வெளியையும் ஆடுகளமாக்கிக்கொள்கிறது.

‘இது வெறும் விளையாட்டுதான்’ என்று பாத்திரத்தை வசனம் பேசவைப்பது எளிது. இரண்டாம் முறை கேட்கும்போதே அது சலித்துப்போகும். அதையே விதியின் வழியாகச் சொன்னால் நம் விரல்களில் தங்கிவிடுகிறது. 1993-இல் வந்த ‘சோனிக் சிடி’யில் மூன்று நிமிடம் பொத்தான் எதையும் தொடாமல் விட்டால், அதன் நாயகன் சோனிக் ‘நான் கிளம்புகிறேன்’ என்ற பொருளில் ஒரே ஒரு வரி சொல்லிவிட்டுத் திரைக்கு வெளியே குதித்துவிடுவார். ஆட்டமும் அத்தோடு முடிந்துவிடும் என்பதால்தான் அந்த ஒரு வரிக்கு அவ்வளவு வலிமை.

கேள்வி: என் மகன் ஆடும் ‘டிஎல்சி குவெஸ்ட்’ என்ற விளையாட்டில் இடப்பக்கம் நடப்பதற்கே காசு கேட்கிறது. பணத்தைப் பறிக்கும் வேலையா இது?
– ஒரு தாய், சேலம்

பதில்: கவலைப்பட வேண்டாம். டிஎல்சி என்பது விளையாட்டை வாங்கியபின் தனியே பதிவிறக்கும் கூடுதல் பகுதி; பெரும்பாலும் அதற்கும் விலை உண்டு. அதைக் கேலி செய்யும் விளையாட்டு இது. விளையாட்டை வாங்கிய விலையைத் தவிர உண்மைப் பணம் எதையும் அது கேட்பதில்லை. வழியில் பொறுக்கும் நாணயங்களைத்தான் அதிலுள்ள கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். கோயிங் லவுட் ஸ்டுடியோஸ் 2011-இல் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுக் கருவிக்கு வெளியிட்ட இந்த விளையாட்டு தொடங்கும்போது வலப்பக்கம் மட்டுமே நடக்க முடியும். தாவ முடியாது, ஒலி இல்லை, இடைநிறுத்தும் வசதியும் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்க வேண்டும். 2006-இல் ‘ஆப்லிவியன்’ விளையாட்டில் வரும் குதிரைக்கான கவசம் தனியே இரண்டரை டாலருக்கு விற்கப்பட்டபோது ஆட்டக்காரர்களிடையே எழுந்த கோபம் உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால், அடிப்படை வசதிகளைப் பிய்த்துத் தனித்தனியே விலை வைத்தால் ஆடுபவருக்கு எப்படி இருக்கும் என்பது இதை ஆடும்போதே அவனுக்குப் புரிந்துவிடும். உண்மைப் பணம் கேட்கும் கைப்பேசி விளையாட்டுகளுக்குப் போவதற்கு முன் அவன் இதை ஆடி முடிப்பது நல்லது என்றே கருதுகிறேன்.

கேள்வி: ஃபிளாஷ் நின்றுபோன பிறகு அந்த நீல யானையை இனிப் பார்க்க வழி உண்டா?
– ஒரு மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியபின், பழைய ஃபிளாஷ் விளையாட்டுகள் பலவற்றை ‘ரஃபிள்’ என்ற கட்டற்ற மென்பொருள் உலாவியிலேயே ஓடவைக்கிறது. அதில் ஆடும்போது முழுத்திரைக்கு மாறாதீர்கள். பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டிய கட்டத்துக்கு உலாவியின் பொத்தான்கள் கண்முன் இருக்க வேண்டும்.