தோட்டாவால் தோற்ற துப்பாக்கி

வணக்கம் ஐயா,

இராணுவத்தில் எஸ்.எல்.ஆர் துப்பாக்கி ஏந்திப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். பிரிட்டன் 1951-இல் இ.எம்.2 என்ற துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சில மாதங்களிலேயே கைவிட்டது என்று படித்தேன். நல்ல ஆயுதம் என்றால் ஏன் கைவிட வேண்டும்? அமெரிக்காவின் மிரட்டல்தான் காரணமா? பிற்காலப் பிரிட்டிஷ் துப்பாக்கியான எஸ்.ஏ.80 அதன் வாரிசு என்கிறார்களே, உண்மையா?

முன்னாள் படைவீரர், வேலூர்

அன்புள்ள ஐயா,

மிரட்டல் என்று நான் சொல்லமாட்டேன். பிடிவாதம் என்பேன். அந்தப் பிடிவாதம் துப்பாக்கியைப் பற்றியதல்ல, அதற்குள் போகும் தோட்டாவைப் பற்றியது.

காலாட்படை வீரன் பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள்தான் சுடுகிறான் என்பது இரண்டாம் உலகப்போரில் தெளிவாகிவிட்டது. ஆயிரம் மீட்டர் பாயும் பழைய தோட்டாவின் வலு அவனுக்குச் சுமைதான். எனவே பிரிட்டிஷ் வல்லுநர்கள் 7 மி.மீ. அளவில், சுடும்போது தோளில் உதைப்பு குறைந்த '.280' தோட்டாவை உருவாக்கினார்கள். அதற்காக இங்கிலாந்தின் என்ஃபீல்டில், போலந்தில் பிறந்த பொறியாளர் ஸ்டெஃபான் ஜான்சன் வடிவமைத்ததே இ.எம்.2. தோட்டாப்பெட்டியும் இயங்குபகுதியும் விரலால் அழுத்தும் விசைக்குப் பின்னால், கட்டைக்குள்ளேயே இருக்கும். நீங்கள் ஏந்திய எஸ்.எல்.ஆரைவிட அது ஏறத்தாழ 25 செ.மீ. குட்டை. ஆனால் அதன் குழல் எஸ்.எல்.ஆரின் குழலைவிட நீளம்! 1951-இல் இதைச் செய்து காட்டியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

1951 ஏப்ரலில் தொழிற்கட்சி அரசு இதை அதிகாரபூர்வமாக ஏற்றது. அமெரிக்கா ஏற்கவில்லை. தன் பழைய .30 (7.62 மி.மீ.) தோட்டாவின் முழு வலுவும் வேண்டும், உறை மட்டும் குட்டையானால் போதும் என்று அது நின்றது. அமெரிக்கா ஏற்றால்தான் நாங்களும் ஏற்போம் என்றது கனடா. அக்டோபரில் ஆட்சிக்கு வந்த சர்ச்சில், நேட்டோ நாடுகளின் படைகள் ஒரே தோட்டாவைப் பகிர்வதே முக்கியம் என்று கருதி முடிவைத் திரும்பப் பெற்றார். அவர் கருதியதில் நியாயம் உண்டு. போர்முனையில் கூட்டாளியின் தோட்டா நம் துப்பாக்கியில் பொருந்தாவிட்டால் கூட்டணிக்கு என்ன பொருள்? பொதுத் தோட்டா வேண்டும் என்றது சரி, அதற்காகத் தேர்ந்த தோட்டாதான் தவறு என்பது என் துணிபு.

அந்தத் தவறு வெளிப்பட அதிக காலம் ஆகவில்லை. அப்படித் தேர்ந்த 7.62 மி.மீ. தோட்டாவுக்காக 1957-இல் அமெரிக்கா ஏற்ற எம்14 துப்பாக்கி, தொடர்ச்சியாகச் சுட்டால் கட்டுக்கு அடங்கவில்லை. பெரும்பாலான வீரர்களுக்கு ஒற்றைச்சூடாக மட்டுமே சுடும்படி பூட்டித் தரப்பட்டது. 1960-களிலேயே அமெரிக்கர்கள் 5.56 மி.மீ. தோட்டாவுக்கு மாறினார்கள். பிரிட்டன் சொன்ன அளவைவிடவும் சிறியது அது. கூட்டாளிகள் மீது பெரிய தோட்டாவைச் சுமத்திவிட்டுத் தாம் மட்டும் விலகிச் சென்றதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இ.எம்.2 குறையற்றது என்று சொல்லவில்லை. தயாரிப்பதற்குச் சிக்கலானது. வெற்று உறை கன்னத்தருகே வலப்பக்கம் தெறிப்பதால் இடது தோளில் வைத்துச் சுட முடியாது.

எஸ்.ஏ.80 அதன் வாரிசு அல்ல. இரண்டும் என்ஃபீல்டில் பிறந்தவை, இரண்டிலும் தோட்டாப்பெட்டி விசைக்குப் பின்னால், அவ்வளவே. எஸ்.ஏ.80-இன் உள்ளியக்கம் அமெரிக்க ஏ.ஆர்.18 துப்பாக்கியைத் தழுவியது. இ.எம்.2-இன் பூட்டுமுறையே வேறு.

உங்கள் எஸ்.எல்.ஆருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அதன் மூலமான பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல் துப்பாக்கியும் தொடக்கத்தில் .280 தோட்டாவுக்காகச் செய்து பார்க்கப்பட்டதுதான். காற்று மாறியதும் அதைச் செய்த எஃப்.என் நிறுவனம் அதை 7.62-க்கு ஏற்பப் பெரிதாக்கியது, பிழைத்துக்கொண்டது. அதையே பிரிட்டன் 1954-இல் ஏற்றது. பின்னர் வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கி ஆலையில் நம் படைக்கும் அந்த வடிவமே தயாரானது. அதன் உதைப்பைத் தோளில் தாங்கியவர் நீங்கள். பயிற்சிக்கு வந்த புதியவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் தந்தது என்று விரிவாக எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

அன்புடன்.