எத்தனை பேருந்து, எத்தனை நிமிடம்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நகரில் பொதுப்போக்குவரத்துக்குப் பெரிய முதலீடு அறிவித்திருக்கிறார்கள். புதிய மெட்ரோ வழித்தடம், நூற்றுக்கணக்கில் மின்சாரப் பேருந்துகள். குடியிருப்போர் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். மெட்ரோவைக் கேட்பதா, கட்டணமில்லாப் பயணத்தைக் கேட்பதா? என் அம்மா வேலைக்குப் போக தினமும் அரை மணிக்கு மேல் நிறுத்தத்தில் நிற்கிறார். எப்படியும் புதிய பேருந்துகள் வந்துவிட்டால் அது தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மாலதி

அன்புள்ள மாலதி,

உங்கள் அம்மா நிற்கும் அந்த அரை மணியைக் கடிதத்தின் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். முதலீட்டு அறிவிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான். கிலோமீட்டர் இருக்கும், தொகை இருக்கும், வண்டிகளின் எண்ணிக்கை இருக்கும். ஒரு நிறுத்தத்தில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் என்பது மட்டும் இருக்காது.

கட்டணமில்லாப் பயணத்தை எஸ்டோனியாவின் தலைநகரான தாலின் 2013இல் தன் நகரவாசிகளுக்குக் கொடுத்தது, லக்சம்பர்க் 2020இல் நாடு முழுக்கக் கொடுத்தது. கையில் காசில்லாதவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அம்மா நிற்கும் நேரம் அதனால் குறையாது. மெட்ரோ, கூட்டம் மிகுந்த பாதைக்குத் தேவைதான். கட்டி முடிக்க ஆண்டுகள் ஆகும், அதன் நிலையத்துக்குப் போகவும் பலருக்குப் பேருந்து வேண்டும். இவற்றைப் பற்றி இவ்வளவு போதும்.

"எப்படியும் புதிய பேருந்துகள் வந்துவிட்டால்" என்று எழுதினீர்களே, அதற்காகத்தான் உங்களைக் கடிந்துகொள்கிறேன். ஊரார் முன் பேசப்போகிறவர் கணக்குப் போடாமல் எதையும் நம்பக் கூடாது. தாளும் பேனாவும் எடுங்கள்.

அம்மாவின் வழித்தடம் 12 கி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வேகம் மணிக்கு 12 கி.மீ. போக 60 நிமிடம், வர 60. இரு முனைகளிலும் டிரைவர் இளைப்பாறவும் தாமதத்தை ஈடுகட்டவும் ஆறாறு நிமிடம். ஆக ஒரு சுற்று 132 நிமிடம். 12 நிமிடத்துக்கு ஒரு வண்டி வேண்டுமென்றால், 132ஐ 12ஆல் வகுங்கள், 11 பேருந்துகள். நெரிசல் கூடி வேகம் 10 ஆகிவிட்டால்? ஓட்டம் 144, ஓய்வு அதே விகிதத்தில் 14.4, சுற்று 158.4. பழைய 12 நிமிட இடைவெளியைக் காப்பாற்றவே 14 பேருந்துகள் வேண்டும். புதிதாக வாங்கிய மூன்றையும் நெரிசல் தின்றுவிட்டது, பயணிக்கு ஒரு நிமிடமும் மிச்சமில்லை. இப்போது வேகத்தை 16 ஆக்கிப் பாருங்கள். ஓட்டம் 90, ஓய்வு 9, சுற்று 99. அதே 11 பேருந்துகளில் 9 நிமிடத்துக்கு ஒன்று வரும். ஒரு வண்டி வாங்கவில்லை, ஒரு டிரைவரைக் கூடுதலாக எடுக்கவில்லை.

டிரைவரைச் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. தினம் இரண்டு ஷிப்ட் ஓடும் வண்டிக்கு வாரம் 14 ஷிப்ட். ஒருவர் வாரம் ஆறு ஷிப்ட் பார்த்தாலே 2.33 பேர் வேண்டும். விடுப்பு, நோய், பயிற்சி சேர்ந்தால் அது மூன்றை நெருங்கும். வண்டி வாங்கப் பணம் ஒருமுறை வரும், சம்பளம் மாதாமாதம் வேண்டும். அதை ஒதுக்காவிட்டால் புதிய வண்டி பணிமனையில்தான் நிற்கும். மின்சாரப் பேருந்துக்குச் சார்ஜ் ஏறும் நேரத்தையும் அட்டவணையில் வைக்க வேண்டும். வைக்காமல் ஒரு டீசல் வண்டிக்கு ஒரு மின் வண்டி என்று மாற்றினால் நடைகள் குறையும்.

வேகம் என்றதும் டிரைவரை விரட்டச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நேரம் போவது பெரும்பாலும் நிற்கும் இடங்களிலும் ஊரும் இடங்களிலும். மேற்சொன்ன தடத்தில் 2 கி.மீ. மட்டும் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கே 20 நிமிடம். அங்கே பேருந்துக்கு மட்டும் தனிப்பாதை போட்டு வேகம் 15 ஆனால் 8 நிமிடம் போதும். 12 நிமிடம் கையில் கிடைத்தது, மீதி 10 கி.மீ.யைத் தொடவே இல்லை. ஆனால் அந்தப் பாதையில் ஒரே ஒரு கார் நின்றாலும் எல்லாம் வீண், அதனால் கண்காணிப்பும் அபராதமும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். சராசரி வேகம் 16ஐ எட்ட, ஒரு வழிக்கு இன்னும் 3 நிமிடம் மிச்சமாக வேண்டும், அது கதவில் இருக்கிறது. ஒருவர் ஏற 3 வினாடி என்றால், ஒரே கதவில் 40 பேர் ஏற இரண்டு நிமிடம். முன்னதாகவே டிக்கெட் வாங்கி எல்லாக் கதவுகளிலும் ஏறினால் அது பாதிக்கும் கீழே போகும். பிரேசிலின் குரிடிபா நகரம் 1991இல் குழாய் வடிவ நிலையங்களைக் கட்டி இதைத்தான் செய்தது. நிறுத்தத்தைச் சிக்னலைத் தாண்டி வையுங்கள். சாலையோரத்தைக் குடைந்து ஒதுக்கிய நிறுத்தம் வேண்டாம், வண்டி திரும்பவும் சாலையில் ஏற இடைவெளி தேடி நிற்க வேண்டியிருக்கும்.

அட்டவணையில் 12 நிமிடம் என்று இருந்தும் அம்மா ஏன் அரை மணிக்கு மேல் நிற்கிறார் என்று கேட்பீர்கள். தாமதமாக வரும் வண்டிக்கு நிறுத்தத்தில் அதிகப் பேர் சேர்ந்திருப்பார்கள், அவர்களை ஏற்றுவதில் அது மேலும் தாமதமாகும். பின்னால் வரும் வண்டிக்கு ஏற்ற ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். மூன்று வண்டிகள் இப்படிச் சேர்ந்தால் அடுத்தது வர 36 நிமிடம். சராசரிக் காத்திருப்பு 6 நிமிடத்திலிருந்து 18 ஆகிவிடுகிறது. வண்டிகளைக் கூட்டினாலும் இது தானாகச் சரியாகாது. பாதி வழியில் ஓரிடத்தில் முந்தி வந்த வண்டியைக் கொஞ்சம் பிடித்துவைக்க வேண்டும், முனையில் முன்வண்டியோடு உள்ள இடைவெளியைப் பார்த்து அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் அட்டவணையில் ஓய்வு நேரம் மிச்சமிருக்க வேண்டும்.

ஆகவே கூட்டத்தில் கேளுங்கள்: அம்மாவின் வழித்தடத்தில் சுற்று நேரம் எவ்வளவு, இடைவெளி இன்று எத்தனை நிமிடம், முதலீட்டுக்குப் பிறகு எத்தனை? சுற்று நேரத்தைக் குறைத்துவிட்டோம் என்று சொன்னால், எங்கே குறைத்தீர்கள் என்று கேட்காமல் உட்காராதீர்கள். முனையில் டிரைவருக்குக் கொடுத்த ஆறு நிமிடத்தை வெட்டியிருந்தால் அதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

அன்புடன்