வழியை மாற்ற வேண்டியது யார்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறேன். என் ரூம்மேட்டை எங்கள் துறையிலேயே பிஎச்.டி. செய்யும் ஒருவர் போன செமஸ்டரிலிருந்து பின்தொடர்கிறார். லைப்ரரி, மெஸ் வாசல், பஸ் ஸ்டாப் என்று எங்கே போனாலும் நிற்கிறார். நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பரிலிருந்து மெசேஜ் வருகிறது. துறைத்தலைவரிடம் சொன்னோம். "நல்ல பையன்தான், நான் பேசிக்கிறேன், எழுதிக் கொடுத்தா உனக்குத்தாம்மா கஷ்டம்" என்றார். வார்டன் ஆறு மணிக்கு மேல் லைப்ரரிக்குப் போகாதே என்கிறார். அவளுடைய லேப் ரெக்கார்டைத் திருத்துவதும் அந்த ஆள்தான். புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா, இல்லை பேர் வெளியே வந்து இவள்தான் அசிங்கப்படுவாளா? அண்ணா பல்கலைக்கழக விஷயத்தைப் பார்த்த பிறகு பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள வாசகிக்கு,

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்குப் பாலியல் கொடுமை நடந்தது, மறுநாளே புகார் கொடுத்தார், அடுத்த சில நாட்களில் அவருடைய விவரங்களோடு எஃப்ஐஆர் ஊரெல்லாம் சுற்றியது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்து, எஃப்ஐஆர் கசிந்ததற்காக அரசு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இதுவரைக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதே வழக்கில் 2025 ஜூன் 2ஆம் தேதி, அதாவது ஆறு மாதம்கூட ஆகாமல், குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 30 வருடம் வெளியே வர முடியாது என்று தீர்ப்பானது உங்கள் ஹாஸ்டலில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆனால் அங்கே குற்றவாளி வெளியாள். வெளியாள் என்றால் நிர்வாகத்துக்கு ஒரு வகையில் சௌகரியம், கேமரா மாட்டலாம், செக்யூரிட்டியைக் கூட்டலாம். உங்கள் விஷயத்தில் ஆள் ஐடி கார்டோடு உள்ளேயே இருக்கிறார், அவருக்கு ஒரு கைடு இருக்கிறார், கைடுக்கு வர வேண்டிய பேப்பர்கள் இருக்கின்றன. 'நல்ல பையன்' சர்டிபிகேட் எங்கிருந்து வருகிறது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2015 விதிமுறைப்படி இது உள் புகார் குழுவின் வேலை, எல்லாரும் ஐசிசி என்பார்கள். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் யாரும் அதில் உறுப்பினராக இருக்கவே கூடாது. மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவர்கள் உட்கார வேண்டும். உங்கள் நோட்டீஸ் போர்டில் போய்ப் பாருங்கள், பட்டியல் ஒட்டியிருந்தால், அதில் இருப்பவர்கள் இன்னும் ரிட்டயர் ஆகாமல் இருந்தால், நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதம் டைம் உண்டு, அதனால் போன செமஸ்டரில் ஆரம்பித்தது என்று யாராவது தட்டிக்கழித்தால் விடாதீர்கள்.

விசாரணைக்கு 90 நாள். கிட்டத்தட்ட ஒரு செமஸ்டர். அந்த 90 நாளும் அவள் அதே லேபுக்குப் போக வேண்டும், அதே மெஸ்ஸில் சாப்பிட வேண்டும், ரெக்கார்டை அதே ஆளிடம் நீட்ட வேண்டும். எத்தனையோ புகார்கள் பாதியில் வாபஸ் ஆவது இங்கேதான், பிறகு அதையே காட்டி "பொய்ப் புகார், அதான் வாபஸ்" என்பார்கள். இதற்குத்தான் இடைக்கால நிவாரணம் என்று ஒன்றை அதே விதிமுறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் வேலையை அந்த ஆள் மதிப்பிடக் கூடாது என்று தடுக்கலாம். விலகி இருக்கச் சொல்லி எச்சரிக்கலாம், மிரட்டல் இருந்தால் வளாகத்துக்குள்ளேயே வராமல் தடுக்கலாம். அவளுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு கொடுக்கலாம். எழுத்தில் கேட்காத வரைக்கும் கமிட்டி இதைப் பற்றி வாயே திறக்காது. புகார் எழுதும் அதே தாளில், இந்த இந்த நிவாரணம் உடனே வேண்டும் என்று தனியாக ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.

ஆறு மணி விஷயம் எனக்கு எரிச்சலாக வருகிறது. பாதுகாப்பு என்று காரணம் சொல்லி ஹாஸ்டல் பெண்களுக்கு, ஆண்களுக்கு இல்லாத விதி போடக் கூடாது என்று அதே விதிமுறை வெளிப்படையாகச் சொல்கிறது. வார்டனைத் தனியாகக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருக்கு யாரும் இதைக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆனாலும் நிற்பவர் நின்றுகொண்டிருக்க, படிக்கப் போகிறவள் அறைக்குள் உட்கார வேண்டும் என்பது என்ன ஏற்பாடு?

பேர் வெளியே வருமா என்றால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டத்தின் 16வது பிரிவு அதைத் தடை செய்கிறது. தடை இருந்தும் கசியும் என்பதை நாம் பார்த்தாகிவிட்டது, அதனால் யாரிடம் எத்தனை பிரதி போகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பின்தொடர்வது தனியாகவே குற்றம், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78வது பிரிவு. விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைத்தான் அது குற்றம் என்கிறது. அதனால் "என்னைத் தொடர்புகொள்ளாதீர்கள்" என்று அவள் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தால் அதை அழிக்க வேண்டாம், அதற்குப் பிறகு வேறு நம்பர்களிலிருந்து வந்ததையெல்லாம் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கமிட்டி முடியட்டும் என்று போலீஸ் புகாரைத் தள்ளிப்போட வேண்டியதில்லை, இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181.

புகாரை நேரில் கொடுத்துக் கையெழுத்தோடு ஒப்புகை வாங்குங்கள், அன்றைக்கே கமிட்டித் தலைவருக்கு மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். துறைத்தலைவருக்கு சிசி போட வேண்டாம்.