பயண வலைப்பூவுக்குப் பெயரும் லோகோவும் எப்படித் தேடுவது?

கேள்வி இது: "இரண்டு வருடமாகப் பயணக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். என் வலைப்பூவுக்கென்று பெயர், லோகோ, நிறம் என ஓர் அடையாளம் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? டிசைனரிடம் கொடுப்பதா, நானே செய்துகொள்வதா?"

லோகோவிலிருந்து தொடங்காதீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கினேன், ஒரு வருடம் வீணாகப் போயிற்று.

அப்போது இணையத்தில் கிடைத்த ஒரு டிசைனரிடம், "பயண வலைப்பூ, லோகோ வேண்டும்" என்று இரண்டே வரியில் சொல்லிப் பணம் கட்டினேன். நீல வட்டம், அதற்குள் ஒரு திசைகாட்டி, அதைச் சுற்றிப் பறக்கும் விமானம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வருடம் கழித்துத் தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு டிராவல்ஸ் வேன் நின்றது. அதன் பின்கண்ணாடியில் அதே வட்டம், அதே திசைகாட்டி, அதே விமானம். பெயர் மட்டும்தான் வேறு. ரெடிமேட் டெம்ப்ளேட் ஒன்றை எடுத்து என் பெயரைப் பொருத்திக் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்ட பொதுப் படங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதுதான் பெரும்பாலான டெம்ப்ளேட் தளங்களின் நிபந்தனை. அதை நம்முடையது என்று டிரேட்மார்க் பதிவு செய்யவும் வழியில்லை.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. நான் எழுதுவது முழுக்கப் பாசஞ்சர் ரயில் பயணங்கள். மயிலாடுதுறை – திருவாரூர் தடத்தில் பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் போன்ற ஸ்டேஷன்களில் இறங்கி, அடுத்த வண்டி வரும்வரை ஊரைச் சுற்றிவிட்டு வருவது. விமானத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. என் லோகோவில் என் எழுத்து எங்குமே இல்லை.

அதனால் இரண்டாவது முறை, எழுதியதைப் படிப்பதிலிருந்து தொடங்கினேன். அதுவரை போட்டிருந்த கட்டுரைகளில் முப்பதைப் பிரிண்ட் எடுத்து, திரும்பத் திரும்ப வரும் விஷயங்களைப் பென்சிலால் கோடிட்டேன். கோயில் வரும், டீக்கடை வரும் என்று நினைத்திருந்தேன். வந்தன, ஆனால் அவை எல்லோருடைய கட்டுரையிலும் வருபவை. எனக்கே தெரியாமல் நான் பதினேழு கட்டுரைகளில் எழுதியிருந்தது ஸ்டேஷன் பெயர்ப்பலகையைப் பற்றி. பலகை எங்கே நட்டிருக்கிறது, அதன் அடியில் யார் உட்கார்ந்திருந்தார்கள், பெயின்ட் எப்படி உரிந்திருக்கிறது என்று ஏதாவது ஒன்று. உங்களுக்கு இதுதான் முதல் வேலை. பத்து கட்டுரைதான் இருக்கிறது என்றால் பத்தையும் படியுங்கள். நம் கண் எதன்மேல் போய் நிற்கிறது என்பது நாம் சொல்லிக்கொள்வதைவிட நாம் எழுதியதில்தான் சரியாகத் தெரிகிறது.

பலகை கிடைத்துவிட்டது. ஆனால் ரயில்வே பலகையை அப்படியே வரைந்தால் அது ரயில்வேயின் அடையாளம், என்னுடையது அல்ல. அந்தச் சிக்கல் பூந்தோட்டத்தில் தீர்ந்தது. மத்தியான நேரம், பிளாட்பார பெஞ்சில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பலகையைப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னம்மா, பேரு மட்டும் விழுந்தா போதுமா? கீழ இருக்கிற வரிய விட்டுட்டியே?"

"எந்த வரி ஐயா?"

"எம்எஸ்எல்னு போட்டு ஒரு நம்பர் இருக்கு பாரு. கடல்மட்டத்துலேருந்து இந்த எடம் எவ்வளவு ஒசரம்னு அர்த்தம். பாதை போடறப்ப ஏத்தம் எறக்கம் பாக்கணும்ல, அதுக்குக் கணக்கு. இங்கெல்லாம் சும்மா ரெண்டு ஆள் ஒசரம், மூணு ஆள் ஒசரம்தாம்மா. மேட்டுப்பாளையத்துல ஏறி ஊட்டிக்குப் போய்ப் பாரு, அங்க தெரியும் சேதி."

போய்ப் பார்த்தேன். நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பி, 46 கிலோமீட்டர் ஓடி, உதகமண்டலத்தில் 2,203 மீட்டரில் போய் நிற்கிறது. பாதையின் செங்குத்தான பகுதியில் 12 அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற்றம். அதற்காகத் தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள், எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி நான் பலகையின் கீழ்வரியைத்தான் முதலில் பார்த்தேன். பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை. இதுதான் என்னுடையது என்று அப்போது உறுதியாயிற்று.

பெயர் அங்கிருந்தே வந்தது: கடல்மட்டம். (விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாமல் லோகோவை விளக்க முடியாது.) அதற்கு முன் பட்டியலில் ஊர்சுற்றி, நாடோடி, வழிப்போக்கன் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தபோது ஏற்கெனவே ஒரு படையே அந்தப் பெயர்களில் இயங்கிக்கொண்டிருந்தது. நீங்களும் மனம் ஒட்டிப்போவதற்கு முன்பே தேடிவிடுங்கள். கூகுள், யூடியூப், இன்ஸ்டாகிராம் மூன்றிலும் பாருங்கள். இந்திய அரசின் டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகவே தேடலாம். பயண ஏற்பாட்டுச் சேவைகள் 39வது வகுப்பிலும், பதிப்பு, பொழுதுபோக்கு போன்றவை 41வது வகுப்பிலும் வரும். இரண்டையும் பார்ப்பது நல்லது.

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. போனில் பெயரைச் சொல்லி, எதிரில் இருப்பவரை ஆங்கில எழுத்தில் டைப் செய்யச் சொல்லுங்கள். "ழ" வந்தால் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள். "த", "ட" இரண்டும் சேர்ந்து வந்தாலும் அதே கதைதான். என் பெயரை ஐந்து பேர் அடித்தார்கள், நால்வர் ஒரே மாதிரி அடித்தார்கள். ஒருவர் ஒரு 'டி'யை விட்டுவிட்டார். அப்படித் தவறாக அடித்தால் வரும் இணைய முகவரியையும் சேர்த்து வாங்கி, என் வலைப்பூவுக்கே திருப்பிவிட்டேன்.

இனி லோகோ. கடல்மட்டம் என்று முழுதாக எழுதினால் ஏழு எழுத்து, அதில் மூன்று புள்ளி. பிரவுசர் டேபில் தெரியும் சின்னப் படம் 16க்கு 16 பிக்சல்தான். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து, ல், ம் எல்லாம் ல, ம என்று நிற்கும். தமிழில் லோகோ செய்கிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை, பெரிய திரையில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடுகிறார்கள். நான் கிராஃப் தாளில் 16க்கு 16 கட்டம் போட்டு, அதற்குள் என்ன வரைய முடியும் என்று பார்த்தேன். மலை வரைந்தேன், அலை வரைந்தேன், பலகை வரைந்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அலுத்துப்போய்ப் பெயரை எழுதி எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்த ஏழு எழுத்தில் மூன்று ட.

ட என்பது என்ன? மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. நிற்கும் கோடு உயரம், படுத்திருக்கும் கோடு கடல். நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஓர் எழுத்துக்குள்ளேயே இருந்தது. நிற்கும் கோட்டுக்கு எட்டுக் கட்டம், படுக்கும் கோட்டுக்குப் பத்து, தடிமன் இரண்டு. இதில் படுக்கைக் கோடுதான் நீளமாக இருக்க வேண்டும். நான் முதலில் இரண்டையும் சமமாகப் போட்டேன். அத்தை பார்த்துவிட்டு, "இது என்னடி, இங்கிலீஷ் எல் போட்டிருக்கே?" என்றார். படுக்கைக் கோட்டை இரண்டு கட்டம் நீட்டியதும், "இப்பத்தான் ட மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கிடைத்ததிலேயே உருப்படியான டிசைன் கருத்து அதுதான். உங்கள் லோகோவை முதலில் டிசைன் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்க வேண்டாம், "இது என்ன?" என்று கேளுங்கள்.

நிறம் எனக்குத் தானாகவே அமைந்தது. பலகையின் மஞ்சள், எழுத்தின் கறுப்பு. ஆனால் வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து படிக்கவே வராது. இணையப் பக்கத்தில் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி, அதைக் கணக்கிடும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. எனவே மஞ்சள் எப்போதும் பின்னணி மட்டும், எழுத்து கறுப்பு. மஞ்சளில் சட்டம் போடும் ஆசையையும் விட்டுவிட்டேன். 1888இல் தொடங்கிய நேஷனல் ஜியாகிரபிக் இன்று வெறும் மஞ்சள் செவ்வகச் சட்டத்தையே லோகோவாக வைத்திருக்கிறது. நான் அதைப் போட்டால் எல்லோருக்கும் அவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

கட்டுரைத் தலைப்புகளுக்கு ஹிந்த் மதுரை, முக்த மலர் என்ற இரண்டு தமிழ் எழுத்துருக்களையும் வைத்துப் பார்த்து முக்த மலரை எடுத்தேன். இரண்டுமே திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை, வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை.

டிசைனரா, நாமேவா என்ற கேள்விக்கு என் பதில்: யோசனை உங்களுடையதாக இருக்கட்டும், முடித்துத் தரும் வேலையை டிசைனரிடம் கொடுங்கள். இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் நீங்களே வரையலாம்தான். ஆனால் கோட்டின் முனையை எவ்வளவு மழுக்குவது, வட்டத்துக்குள் எழுத்தை எங்கே நிறுத்தினால் நடுவில் இருப்பதுபோலத் தோன்றும் என்பதெல்லாம் தேர்ந்த கைக்குத்தான் வரும். கிராஃப் தாளையும், வலைப்பூ எதைப் பற்றியது என்று அரைப் பக்கமும் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை நான்கு நாளில் வேலை முடிந்தது.

கொடுப்பதற்கு முன்பே இரண்டு விஷயங்களைப் பேசிவிடுங்கள். ஒன்று, ஃபைல்கள். என் முதல் டிசைனர் ஒரே ஒரு ஜேபெக் கொடுத்தார், ஸ்டிக்கர் அடிக்கப் போனபோது ஓரமெல்லாம் படிக்கட்டாக உடைந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி, கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, உரிமை. பணம் கொடுத்ததாலேயே லோகோ நம்முடையதாகிவிடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19வது பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். எந்தெந்த நாடுகளில் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். எனவே, "முழுப் பதிப்புரிமைக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நல்ல டிசைனர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை.

டிரேட்மார்க் பதிவு உடனே அவசியமில்லை. செய்வதென்றால் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய், பதிவு 10 வருடத்துக்குச் செல்லும். பதிவாகும்வரை டிஎம் என்று மட்டும் போடுங்கள். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவானவர்களுக்கு மட்டுமே, மற்றவர்கள் போட்டால் சட்டப்படி குற்றம். லோகோவில் இந்திய வரைபடம் வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். எல்லைக்கோடு பிசகினால் அதற்கும் சட்டம் இருக்கிறது. அந்தச் சின்ன அளவில் சரியாக வரையவும் முடியாது.

லோகோ வந்த பிறகு நான் செய்த ஒரே கூடுதல் வேலை இது: ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் அந்த ட-வைப் போட்டு, நிற்கும் கோட்டின் பக்கத்தில் அந்த ஊர்ப் பலகையில் உள்ள எண்ணை எழுதுகிறேன். ஊட்டிக் கட்டுரையில் 2,203 என்று இருக்கும். டெல்டாக் கட்டுரைகளில் பெரும்பாலும் இரண்டு இலக்கத்தைத் தாண்டாது. எண்ணுக்காகவே இப்போது பலகைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். பெயின்ட் உரிந்து எண் தெரியாத ஸ்டேஷனில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறேன்.

போன மாதம், முன்பின் தெரியாத ஒரு வாசகர் பலகைப் படம் ஒன்று அனுப்பியிருந்தார். ஊர்ப் பெயர் படத்துக்குள் வரவில்லை. கீழ்வரி மட்டும் தெளிவாக இருந்தது.