எழுதிப் பிழைக்க முடியுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதைப் பற்றி 11 வருடமாக இணையத்தில் எழுதி வருகிறேன். கடைசி 6 வருடமாக எனக்கு வேறு வேலை இல்லை, எழுத்துதான் சோறு போடுகிறது. எப்படி என்று தனித்தனியாகப் பலர் கேட்டுக்கொண்டே இருந்ததால், கேள்விகளை ஒன்றாக வாங்கிப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, நேராகவே கேட்கிறேன். எழுத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா? வேலையை விட்டுவிடலாமா?

வாழ முடியும். வேலையை இப்போது விடாதீர்கள். எனக்கு முதல் இரண்டு வருடம் ஒரு காசு வரவில்லை. மூன்றாம் வருடம் வந்தது இணைய இணைப்புக் கட்டணத்துக்குச் சரியாகப் போனது. ஐந்தாம் வருட முடிவில்தான் வேலையை விட்டேன். எழுத்தில் வரும் பணம் தொடர்ந்து 12 மாதம் வீட்டுச் செலவைத் தாங்கட்டும், அதற்கு மேல் ஆறு மாதச் செலவுக்குக் கையில் சேமிப்பும் இருக்கட்டும். அப்போது யோசியுங்கள். வாடகை நாளை எண்ணிக்கொண்டு எழுதினால் அந்தப் பதற்றம் வரிகளில் தெரிந்துவிடும்.

கேள்வி: எத்தனை வாசகர்கள் சேர்ந்தால் போதும்? லட்சக்கணக்கில் வேண்டுமா?

அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008-ல் ஒரு கணக்கு எழுதினார். படைப்பாளிக்கு ஆயிரம் உண்மையான ரசிகர்கள் இருந்து, ஒவ்வொருவராலும் வருடத்துக்கு நூறு டாலர் லாபம் கிடைத்தால் போதும் என்பது அது. ஆயிரம் என்ற எண்ணை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் போட்ட நிபந்தனையைப் பலரும் விட்டுவிட்டார்கள்: ரசிகருக்கும் உங்களுக்கும் நடுவில் ஆள் இருக்கக் கூடாது, பணம் நேராக உங்களிடம் வர வேண்டும்.

என் கணக்கு இன்னும் கெடுபிடியானது. இலவசமாகப் படிப்பவர்களில் நூற்றுக்கு 2 பேர் பணம் கட்டுவார்கள் என்று வைத்துத்தான் திட்டமிடுவேன். அப்படியானால் 500 பேர் சந்தா கட்ட, 25,000 பேர் படிக்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் சந்தோஷம். சந்தாப் பணமும் முழுதாகக் கைக்கு வராது. சந்தா வாங்கி மடல் அனுப்ப உதவும் சப்ஸ்டாக் தளம் 10 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி.

அப்புறம், விலகுபவர்கள். மாதம் நூற்றுக்கு 4 பேர் விலகினால் சின்ன விஷயமாகத் தெரியும். அப்படியே போனால் வருடக் கடைசியில் தொடக்கத்தில் இருந்த நூறு பேரில் 61 பேர்தான் மிஞ்சுவார்கள். புதிதாக 39 பேராவது வந்தால்தான் இருந்த இடத்திலேயே நிற்க முடியும். இதனால்தான் மாதச் சந்தாவைவிட ஆண்டுச் சந்தாவுக்கு நல்ல தள்ளுபடி கொடுக்கிறேன்.

கேள்வி: என்னை 20,000 பேர் ஃபாலோ செய்கிறார்கள். போஸ்ட் போட்டால் 300 பேர்கூடப் பார்ப்பதில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

தப்பு உங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை தம்பி. அந்த 20,000 பேரும் அந்தத் தளத்தின் கையில் இருக்கிறார்கள். யாருக்கு எதைக் காட்டுவது என்பதை அதுதான் முடிவு செய்யும். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. பக்கங்கள் நடத்தியவர்கள் பலருக்கு வாசிப்பு சரிந்தது. 2013 ஜூலையில், பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, அதன் வழியாகப் படித்து வந்த வாசகர்களைப் பல வலைப்பதிவர்கள் இழந்தார்கள்.

எனக்கும் நடந்தது. ஒரு தளத்தில் 14,000 பேரைச் சேர்த்திருந்தேன். ஒருநாள் காலையில் கடவுச்சொல் போட்டால் 'இந்தக் கணக்கு முடக்கப்பட்டது' என்று வருகிறது. மூன்று முறை மேல்முறையீடு செய்தேன், பதிலே இல்லை. அந்த 14,000 பேரில் ஒருவருக்குக்கூட நான் எங்கே போனேன் என்று சொல்ல வழியில்லை. அன்றைக்கு என்னிடம் மிச்சம் இருந்தது, அதுவரை ஏனோதானோ என்று சேர்த்து வைத்திருந்த 610 மின்னஞ்சல் முகவரிகள். நடந்ததைச் சொல்லி அவர்களுக்குக் கடிதம் போட்டேன். மாலைக்குள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். சிலர் தங்களுக்குத் தெரிந்தவர்களைச் சேர்த்துவிட்டார்கள். இன்றைக்கு நான் சாப்பிடுவது அந்த 610 பேரில் தொடங்கியது.

சமூக ஊடகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. புதியவர்கள் உங்களைக் கண்டுபிடிப்பது அங்கேதான். ஆனால் ஒவ்வொரு நல்ல போஸ்டின் கடைசியிலும் உங்கள் மின்னஞ்சல் பட்டியலுக்கு வழி இருக்கட்டும். அந்தப் பட்டியலை மாதம் ஒரு முறை உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். பட்டியலை வெளியே எடுக்க விடாத சேவை எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: நான் அனுப்பும் மடல் பலருக்கு ஸ்பேமில் போகிறது.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. சொந்த டொமைனிலிருந்து, அதாவது உங்கள் பெயரில் வாங்கிய இணைய முகவரியிலிருந்து அனுப்புங்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டையும் அமைத்துவிடுங்கள். உங்கள் பெயரில் வரும் மடலை உண்மையில் நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று காட்டும் முத்திரைகள் அவை. ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பேம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, அதாவது ஆயிரம் மடலுக்கு 3 பேர். விலகும் இணைப்பை ஒளித்து வைத்தால், தேடிக் களைத்தவர் ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார்.

இன்னொன்று, மடல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அடிப்பகுதியை வெட்டி மறைத்துவிடும். சந்தா இணைப்பைக் கடைசியில் மட்டும் வைப்பவர்கள் கவனிக்கவும்.

கேள்வி: என் மடலை 60 சதவீதம் பேர் திறக்கிறார்கள். நல்ல எண்தானே?

அதை நம்ப வேண்டாம். 2021-ல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டு வந்தது. அதைப் போட்டிருந்தால், ஆள் திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் வரும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள்.

கேள்வி: மேடம், எனக்கு இசை, உணவு, அரசியல், பயணம் எல்லாம் எழுத வரும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் எழுத ஆசைப்படுகிறேன். நானும் முதலில் எல்லாம் எழுதினேன். 'முதுமை: சில சிந்தனைகள்' என்று ஒரு கட்டுரை. மூன்று வாரம் உழைத்தேன், நடை நன்றாகவே வந்திருந்தது. படித்தவர்கள் 'அருமை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை.

அந்தச் சமயம் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று செவிலியர் சொல்லியிருந்தார். நானோ ஒற்றை ஆள். கட்டிலின் குறுக்கே ஒரு போர்வையை நாலாக மடித்து விரித்து, அப்பாவின் தோளிலிருந்து தொடை வரை அது அடியில் இருக்கும்படி வைத்து, அந்தப் போர்வையைப் பிடித்து என் பக்கமாகத் திருப்பக் கற்றுக்கொண்டேன். தோல் மெத்தையில் உராயாது, என் முதுகும் போகாது. ஒரு ராத்திரி, திருப்பும் வேலை முடிந்து அடுத்த முறைக்காகக் காத்திருந்தபோது அதை அப்படியே எழுதினேன். தலைப்பு: 'தனி ஆளாக அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி'. அழகான வரி ஒன்றுகூட அதில் கிடையாது. இன்றுவரை புது வாசகர்கள் அந்தக் கட்டுரை வழியாகத்தான் அதிகம் வருகிறார்கள். ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் தேடி வருகிறார்கள்.

அந்த நேரத்தில் விழித்திருக்கும் அந்த ஒரு ஆளுக்குத்தான் அன்றிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கும் நாலு துறையும் பிடிக்கலாம். எந்தத் துறையில், அவசரத்தில் தேடி வருபவருக்குக் கொடுக்க உங்களிடம் ஏதாவது இருக்கிறது என்று பாருங்கள். அதில் இரண்டு வருடம் நில்லுங்கள். மற்ற மூன்றும் உதாரணங்களாகத் தானே உள்ளே வரும்.

கேள்வி: தினமும் எழுத வேண்டுமா?

வேண்டாம். வாரம் ஒன்று, சொன்ன நாளில். உடம்பு முடியாத வாரத்துக்காக இரண்டு கட்டுரைகள் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: கிண்டிலில் நூலாகப் போட்டால் எவ்வளவு கிடைக்கும்?

கிண்டிலை நடத்தும் அமேசானில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பங்கில் இரண்டு விகிதம் உண்டு, 35 சதவீதம், 70 சதவீதம். விலை அவர்கள் சொல்லும் வரம்புக்குள் இருந்தால் 70. சில நாடுகளில் விற்பனைக்கு 70 கிடைக்க, அவர்களின் செலக்ட் திட்டத்திலும் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூலை வேறு எங்கும், உங்கள் சொந்தத் தளத்தில்கூட, வெளியிடக் கூடாது. கெடு முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஏற்கெனவே கட்டுரைகளாக வெளியிட்டதைத் தொகுப்பவர்கள் இந்த விதியைப் படிக்காமல் சேர வேண்டாம்.

கேள்வி: என் கட்டுரையை அப்படியே எடுத்து வேறொருவர் தன் பெயரில் போட்டுவிட்டார். நான் காப்புரிமைப் பதிவு எதுவும் செய்யவில்லையே?

எழுதிய உடனேயே உரிமை உங்களுடையது. 1886-ல் உருவான, காப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அதற்குப் பதிவு தேவையில்லை. இரண்டு பக்கங்களையும் தேதியோடு படம் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தின் காப்புரிமைப் புகார் படிவத்தை நிரப்புங்கள். பொதுவெளியில் சண்டைக்குப் போக வேண்டாம், அதில் ஒரு வார எழுத்து போய்விடும்.

கேள்வி: ஏஐ நிமிடத்தில் கட்டுரை எழுதித் தருகிறது. இனி நம்மை யார் படிப்பார்கள்?

பயம் நியாயமானது. 2023-ல் அமேசான் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று புது நூல்களுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு வைத்தது, ஏஐ எழுதிய நூல்கள் குவிவது பற்றிய கவலை எழுந்த நேரம் அது. பொதுவான தகவலை எழுதிப் பிழைத்தவர்களுக்கு இது கஷ்ட காலம், அதை மறைக்க மாட்டேன். எனக்கு வரும் கடிதங்களில் மக்கள் தகவல் கேட்பது குறைந்துவிட்டது. 'நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?' என்று கேட்கிறார்கள். அதற்கான பதில் நான் வாழ்ந்ததிலிருந்துதான் வர வேண்டும்.

கேள்வி: அக்கா, ஒவ்வொரு மடலுக்கும் பத்துப் பேர் விலகுகிறார்கள். ராத்திரி தூக்கம் வருவதில்லை. உங்களுக்குப் பழகிவிட்டதா?

முதல் வருடங்களில் நானும் மடல் போன அரை மணி நேரத்தில் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான்கு வருடமாக என்னைப் படித்து வந்த ஒருவர் ஒருநாள் விலகினார். காரணம் கேட்கும் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'போன வாரம் அம்மா போய்விட்டார். இனிமேல் இது தேவைப்படாது. போர்வையை வைத்துத் திருப்பக் கற்றுக்கொடுத்ததற்கு நன்றி. கடைசி வரை அம்மாவுக்குப் புண் வரவில்லை.'

அவருக்குப் பதில் எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. விலகியவர்களின் எண்ணிக்கையை இப்போது மாதம் ஒரு முறை, கணக்கு எழுதும் நாளில் மட்டும் பார்க்கிறேன். காரணம் எழுதிவிட்டுப் போகிறவர்களின் வரிகளை மட்டும் வந்த அன்றே படித்துவிடுவேன்.